கெட்டியாகச் சுற்றும் கிராங்க்: முதலில் அந்தப் பிளாஸ்டிக் மூடியைத் தளர்த்துங்கள்

கேள்வி: மவுண்டன் பைக்கில் பாட்டம் பிராக்கெட்டை (கிராங்க் அச்சைத் தாங்கும் பேரிங் தொகுதி) மாற்றி வாங்கி வந்த நாளிலிருந்து கிராங்க், அதாவது மிதியைத் தாங்கும் கை, கெட்டியாகச் சுற்றுகிறது. ஷிமானோ ஹாலோடெக் 2 வகை. "ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்ற கடைக்காரர், இப்போது கிராங்க்செட்டையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். கடைக்குப் போகும்வரை நன்றாகச் சுற்றிய கிராங்க், பேரிங்கை மாற்றியதும் தானாகக் கெட்டியாகிவிடாது. பொருத்தியதில்தான் கோளாறு இருக்கும்.

செயினைப் பல்சக்கரத்திலிருந்து கழற்றி ஃபிரேமின் மீது கிடக்க விட்டு, கிராங்கை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். இலகுவாகச் சுற்றினால் கோளாறு செயினிலோ பின்சக்கரத்திலோ இருக்கிறது. விட்ட இடத்திலேயே நின்றுவிட்டால்தான் பின்வருவன உங்களுக்குப் பயன்படும்.

இவ்வகையில் 24 மி.மீ. விட்டமுள்ள குழல் அச்சு வலது கிராங்கோடு சேர்ந்தே வருகிறது. இடது கிராங்கை அந்த அச்சில் பிடித்து வைத்திருப்பவை இரண்டு ஆலன் போல்ட்டுகள். நடுவில் தெரியும் பிளாஸ்டிக் மூடிக்குப் பக்கவாட்டு ஆட்டத்தை எடுப்பது ஒன்றுதான் வேலை, அதற்கு 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர், அதாவது அதற்குரிய சிறு சாவியை இரு விரல்களால் திருகும் இறுக்கம், போதும். கிராங்கையே தாங்கும் நட் என்று எண்ணி அதை மூச்சைப் பிடித்து முறுக்கும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி முறுக்கினால் பேரிங்குகள் இருபுறமும் நெரிந்து கிராங்க் கெட்டியாகிவிடும்.

இரண்டு போல்ட்டுகளையும் முதலில் தளர்த்துங்கள். அவை இறுகியிருக்கும்போது மூடியை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. பிறகு மூடியைத் தளர்த்தி, இடது கிராங்கை வெளிப்பக்கமாகச் சற்றே அசைத்து இழுத்து, ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் மூடியை மீண்டும் திருகி, போல்ட்டுகளை மாற்றி மாற்றி 12 முதல் 14 நியூட்டன் மீட்டர்வரை இறுக்குங்கள்.

அதன் பிறகும் கெட்டியாக இருந்தால் 2.5 மி.மீ. ஸ்பேசர்களை (பேரிங்குக்கும் ஃபிரேமுக்கும் இடையே வைக்கும் வளையங்கள்) எண்ண வேண்டும். மரையுள்ள பாட்டம் பிராக்கெட் கூட்டின், அதாவது ஃபிரேமில் பேரிங்குகளைத் திருகிப் பொருத்தும் குழாயின், அகலம் 73 மி.மீ. என்றால் வலப்பக்கம் ஒன்று, 68 மி.மீ. என்றால் வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. ஒரு தயாரிப்பாளருக்கு ஒரு அளவு என்று வைத்துக்கொண்டு, அந்த அளவை ஃபிரேமில் பொறிக்கக்கூட மனமில்லாத இந்தத் தொழிலில், ஸ்கேலை வைத்து அளக்கும் வேலையும் உங்கள் தலையில்தான் விழுகிறது.

கடைக்காரர் சொன்னதில் உண்மையாகக்கூடியது ஒன்று உண்டு. புதிய பேரிங்கின் ரப்பர் சீலும் கிரீஸும் தொடக்கத்தில் சற்றுப் பிடிக்கும். ஓட்ட ஓட்ட அது இளகும். ஆனால் அந்தப் பிடிப்பு, கெட்டித் தேனில் கரண்டியைச் சுழற்றுவதுபோல முழுச் சுற்றிலும் ஒரே சீராக இருக்கும், மூடியைத் தளர்த்தினாலும் மாறாது, மிதிக்கும்போது காலுக்குத் தெரியவே தெரியாது. மூடியைத் தளர்த்தியதும் கிராங்க் இளகினால் அது சீல் அன்று, நெரிசல். அதை அப்படியே ஓட்டினால் புதிய பேரிங்தான் வீணாகும். கிராங்கைக் கழற்றி பேரிங்குக்குள் விரலை விட்டுச் சுழற்றும்போது மென்மையாகவும், அச்சைச் செருகியதும் ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாகவும் இருந்தால், கூட்டின் இரு முகங்களும் இணையாக இல்லை என்று பொருள். முகங்களைச் சீவிச் சமப்படுத்தும் கருவி உள்ள கடைக்கு ஃபிரேமைக் கொண்டுசெல்லுங்கள்.

பேரிங்குக்குள் ஸ்ப்ரே எண்ணெய் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்; அது உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்து வெளியேற்றிவிடும்.