ரகசியமாகப் பல்பம் தின்கிறேன்... இது மனநோயா?

கேள்வி: எனக்கு 32 வயது, இரண்டு குழந்தைகள். பெரியவளுக்கு வாங்கிய பல்பத்தைச் சும்மா கடித்துப் பார்த்தேன். இப்போது தினமும் நாலைந்து தின்றால்தான் ஆகிறது. சமைக்கும்போது பச்சரிசியும் அள்ளிப் போட்டுக்கொள்வேன். கணவருக்குத் தெரியாது. இது மனநோயா? (பெயர் வேண்டாம், திண்டுக்கல்)

பதில்: சகோதரி, உணவல்லாத ஒன்றை ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்து தின்பதை மருத்துவர்கள் 'பைக்கா' என்கிறார்கள். உண்ணுதல் கோளாறுகளில் அதுவும் ஒன்றுதான். ஆனால், உங்கள் வயதுப் பெண்களுக்கு முதலில் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து குறைந்தால் பல்பம், விபூதி, செங்கல் பொடி, ஐஸ் கட்டி என்று ஏதோ ஒன்றின் மேல் அடங்காத ஆசை வருவதுண்டு.

"அரிசி தின்னாதே, சோகை பிடிக்கும்" என்று பாட்டிமார் அதட்டுவார்கள். (கல்யாணத்தன்று மழை கொட்டும் என்பது தனிக்கதை.) பெரும்பாலும் நடப்பது தலைகீழ். சோகை இருப்பதால்தான் வாய் அரிசி கேட்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

மருத்துவரிடம் "களைப்பா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். அவர்களாக இதைக் கேட்பது அபூர்வம். "பல்பம் தின்கிறேன், நிறுத்த முடியவில்லை" என்று அப்படியே சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதி நீட்டுங்கள். ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். மாதவிலக்கில் போக்கு அதிகமா, குடலில் கொக்கிப்புழுவா என்று காரணத்தையும் தேட வேண்டும். மண்ணோ பெயிண்ட் சுரண்டலோ தின்பவர்களுக்கு ஈயப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

இரும்பு மாத்திரை கொடுத்தால் காபி, டீ குடிக்கும் நேரத்தில் போடாதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். இரும்புக் குறைவுதான் காரணம் என்றால், பலருக்கு ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே ஆசை அடங்கிவிடுகிறது. 'அதான் சரியாயிடுச்சே' என்று அப்போது மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் பலர் செய்கிற தவறு. சேமிப்பு நிரம்ப மாதக்கணக்காகும்.

ரிப்போர்ட் சரியாக இருந்தும் ஆசை விடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பழக்கத்தை மாற்றச் சிகிச்சை உண்டு. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். வயிற்றுவலியோடு வாந்தி, மலம் போகாமை என்று வந்தால் மட்டும் ஒருநாளும் பொறுக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கணவரிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் விருப்பம். ஆனால், 'முதலில் நிறுத்திவிட்டு அப்புறம் டாக்டரிடம் போகலாம்' என்று காத்திருக்காதீர்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.