ஈச் அதர் இருவருக்கு, ஒன் அனதர் பலருக்கு: இந்த விதியை யார் போட்டது?

"இரண்டு பேர் என்றால் ஈச் அதர், மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் ஒன் அனதர் என்று பள்ளியில் படித்தேன். ஆனால் ஆங்கிலப் பத்திரிகைகளைப் பார்த்தால் யாரும் அப்படி எழுதுவதாகத் தெரியவில்லை. எது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பத்திரிகைக்காரர்கள் எழுதுவதுதான் சரி. இரண்டையும் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அந்த விதி இலக்கணப் புத்தகங்களில் இருந்ததே தவிர, ஆங்கிலம் பேசியவர்களின் வாயிலோ எழுதியவர்களின் பேனாவிலோ இருந்ததில்லை.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை ஒன்றில் இரண்டு நண்பர்களைப் பற்றி எழுதும்போது 'ஹெல்ப்ட் ஒன் அனதர்' என்று எழுதினேன். சிவப்பு மையில் அடித்து, அரை மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் தாத்தா வைத்திருந்த பழைய ஆங்கில வேதாகமம் ஒன்று இருந்தது. 1611-இல் வந்த ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பு. தாவீது, யோனத்தான் என்ற இரண்டு நண்பர்கள் பிரியும் இடம், 1 சாமுவேல் 20-ஆம் அதிகாரம் 41-ஆம் வசனம். அங்கே 'தே கிஸ்ட் ஒன் அனதர்' என்று இருக்கிறது. அந்த வயல்வெளியில் நிற்பவர்கள் இரண்டே பேர். அம்பு பொறுக்க வந்த பையனையும் அதற்குள் ஊருக்கு அனுப்பியாயிற்று. படித்ததும் எனக்கு நெஞ்சு படபடத்தது. ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டும் தைரியம் வரவில்லை. ஆனால் இந்தச் சொற்கள் மீது அன்றைக்குப் பிடித்த ஆசை இன்னும் விடவில்லை.

அதே வேதாகமத்தில் எதிர்ப்பக்கத்துக்கும் சாட்சி இருக்கிறது. 2 தெசலோனிக்கேயர் 1:3-இல் ஒரு சபையார் எல்லாருடைய அன்பும் 'டுவர்ட் ஈச் அதர்' பெருகுகிறது என்று வருகிறது. ஒரு சபை முழுவதற்கும் ஈச் அதர்! ஆக, ஒரே நூலில் இருவருக்கு ஒன் அனதர், பலருக்கு ஈச் அதர். விதி சொல்வதற்கு நேர் எதிர்.

சரி, இந்தச் சொற்கள் எப்படிப் பிறந்தன? இதற்கு நான் எப்போதும் ஒரே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு போவேன். யோவான் 13:34. தமிழில் "ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்" என்று நம்மில் பலருக்கு மனப்பாடம். இந்த ஒரு வரியை ஆங்கிலேயர்கள் ஒவ்வொரு காலத்திலும் எப்படி எழுதினார்கள் என்று பார்த்தாலே பாதி வரலாறு கிடைத்துவிடும்.

ஏறக்குறைய கி.பி. 1000-ஐ ஒட்டிய பழைய ஆங்கில நற்செய்திப் பிரதியில் ஈச் அதரும் இல்லை, ஒன் அனதரும் இல்லை. 'ஏஒவ் பெத்வீனன்' என்று இருக்கிறது. ஏஒவ் என்றால் உங்களுக்கு. பெத்வீனன்தான் இன்றைய பிட்வீன். அப்படியே தமிழில் சொன்னால் "உங்களுக்குள் அன்பாயிருங்கள்". நாமும் இன்றைக்கு "அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்" என்று சொல்கிறோமே, அதே வழி. பிறகு, 1380-களில் உருவான விக்லிஃப் வேதாகமம் என்ற ஆங்கில மொழிபெயர்ப்பில் 'லவ் டுகெதர்' என்று வருகிறது. இங்கே டுகெதருக்குப் பொருள் 'ஒன்றுகூடி' என்பதைவிட 'பரஸ்பரம்' என்பதற்குப் பக்கம். அப்புறம் வில்லியம் டின்டேல் என்ற மொழிபெயர்ப்பாளர். 1534-இல் அவர் திருத்தி வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் இந்த வசனத்தின் முதல் பாதியில் 'லவ் டுகெதர்', இரண்டாம் பாதியில் 'லவ் ஒன் அனதர்'. ஒரே வசனத்துக்குள் பழையதும் புதியதும் அடுத்தடுத்து நிற்கின்றன. இதை முதலில் பார்த்தபோது, ஒரு மொழி வீடு மாறுவதைத் தெருவில் நின்று பார்ப்பதுபோல இருந்தது. 1611-இல் இரண்டு பாதியிலும் ஒன் அனதர் வந்துவிட்டது.

டுகெதர், பிட்வீன் எல்லாம் இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே ஈச் அதரின் மூதாதையும் இருந்தது. ஈச் என்பதன் பழைய வடிவம் ஆல்ச். நடுவில் இருந்த ல் பின்னாளில் உதிர்ந்துவிட்டது. (விச், சச் என்ற சொற்களிலும் இதேபோல ஒரு ல் இருந்து காணாமல் போனது.) பழைய ஆங்கிலத்தில் ஆல்ச் ஒரு சொல், அதர் வேறொரு சொல். ஆல்ச் எழுவாய், அதர் செயப்படுபொருள், அதனால் அதற்கு வேற்றுமை உருபு சேர்ந்து ஓதெர்னெ என்று ஆகும். 'ஒவ்வொருவரும் மற்றவரை' என்று பொருள்.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழர்களுக்குப் பெரிய சிரமம் கிடையாது. ஒருவரையொருவர் என்பதைப் பிரித்துப் பாருங்கள். 'ஒருவரை' செயப்படுபொருள், 'ஒருவர்' எழுவாய். ஒருவருக்கொருவர், ஒருவரோடொருவர் என்று எப்படி மாற்றினாலும் உருபு முதல் சொல்லில்தான் மாறுகிறது. இரண்டாவது சொல் எழுவாய் என்பதால் அப்படியே நிற்கிறது. பழைய ஆங்கிலமும் இதையேதான் செய்தது, வரிசை மட்டும் தலைகீழ். நாம் உருபுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். ஆங்கிலம் தன் உருபுகளை இழந்தது. இழந்த பிறகு எது எழுவாய், எது செயப்படுபொருள் என்று சொல்லிலிருந்து தெரியாமல் போனது. அருகருகே நின்ற இரண்டும் மெல்ல ஒட்டி ஒரே பிரதிப்பெயராகிவிட்டன. டச்சு மொழியில் எல்கார் என்று இது எழுத்திலும் ஒட்டியே விட்டது. ஜெர்மன் மொழியில் ஐனான்டர். இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும்: தமிழ் 'ஒன்றை'யும் 'ஒன்றை'யும் சேர்த்து இதைச் செய்கிறது, கிரேக்கம் 'மற்றவ'னையும் 'மற்றவ'னையும் சேர்த்து அல்லேலுஸ் என்கிறது, ஆங்கிலம் பாதிக்குப் பாதி.

ஒட்டுவதற்கு முந்தைய நிலையை அழகாகக் காட்டும் இடம் ஆங்கிலக் கவிஞர் சாசரின் கான்டர்பரி கதைகளில், வீரனின் கதையில் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. பாலமன், ஆர்சைட் என்ற இருவர் ஒரே பெண்ணை விரும்பிச் சண்டை போடக் காட்டில் சந்திக்கிறார்கள். வாளை எடுப்பதற்கு முன்னால் கவசம் அணிய வேண்டும். தனியாக அணிய முடியாது. அதனால் ஒவ்வொருவனும் மற்றவனுக்குக் கவசம் பூட்ட உதவுகிறான், சொந்தச் சகோதரனைப்போல. சாசர் இதை 'எவரிச் ஆஃப் ஹெம் ஹெல்ப் ஃபார் டு ஆர்மென் அதர்' என்கிறார். 'எவரிச்' வரியின் ஒரு முனையில், 'அதர்' மறு முனையில், நடுவில் உதவி. இன்றைய ஆங்கிலத்தில் இதை ஈச் அதர் என்று இரண்டு சொல்லில் அடக்கிவிடலாம். ஆனால் எதிரெதிரே நிற்கும் அந்த இரண்டு மனிதர்களின் படம் போய்விடும்.

1611-இலும் இந்தப் பிரிவு முழுக்க மறையவில்லை. பிலிப்பியர் 2:3-இல் 'லெட் ஈச் எஸ்டீம் அதர்' என்று நடுவில் வினைச்சொல் நிற்கிறது. லூக்கா 2:15-இல் மேய்ப்பர்கள் 'செட் ஒன் டு அனதர்'; முன்னிடைச்சொல் 'டு' நடுவில் நிற்கிறது. இன்று நாம் 'டு ஒன் அனதர்' என்றுதான் எழுதுவோம். இரண்டு சொல்லும் ஒன்றாகிவிட்டதால் இடையில் புகுந்து நிற்க இடமில்லை. 'டு' வெளியே, முன்னால் வந்துவிட்டது. 'ஒன் ஆஃப்டர் அனதர்' மட்டும் பழைய வரிசையில் பிழைத்துக் கிடக்கிறது. அதுவும் வரிசையாக வருவதைச் சொல்லத்தான், பரஸ்பரத்தைச் சொல்ல அல்ல.

இப்போது அந்த விதிக்கு வருவோம். இருவருக்கு இது, பலருக்கு அது என்ற பிரிவினையை ஆய்வாளர்கள் பின்னோக்கித் தேடிப்போய் 1785-இல் ஜார்ஜ் அஷர் என்ற இலக்கண ஆசிரியரிடம் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தைத் தர்க்கத்தால் சீர்படுத்திவிடலாம் என்று இலக்கண ஆசிரியர்கள் நம்பிய காலம் அது. அவருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1776-இல், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் கடைசி வாக்கியத்தில் 'வீ மியூச்சுவலி பிலெட்ஜ் டு ஈச் அதர்' என்று எழுதி, உயிரையும் செல்வத்தையும் மானத்தையும் பணயம் வைத்துக் கையெழுத்துப் போட்டவர்கள் 56 பேர். ஐம்பத்தாறு பேருக்கு ஈச் அதர்! 1926-இல் வெளிவந்த ஃபௌலரின் ஆங்கில வழக்கு அகராதி இந்த விதியை எடுத்துப் பார்த்துவிட்டு, இதனால் இன்று பயனும் இல்லை, பழைய வழக்கில் இதற்கு ஆதாரமும் இல்லை என்று தள்ளிவிட்டது. அதற்கும் நூறு ஆண்டுகள் ஆகப்போகிறது, அல்லது ஆகிவிட்டது. நம் ஊர்க் கேள்வித்தாள்களில் மட்டும் அது செத்தபாடில்லை. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான். சரியாக எழுதிய பிள்ளையிடம் தவறு என்று சொல்கிறோம்; அந்தப் பிள்ளை அடுத்த முறை எழுதவே தயங்குகிறது.

அப்படியானால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையா? தொனியில் கொஞ்சம் உண்டு. ஈச் அதர்தான் பேச்சிலும் எழுத்திலும் மிக அதிகம். ஒன் அனதர் சற்று முறைசார்ந்தது, ஒரு கனம் கொண்டது. 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனம் முதல் பிரிவிலேயே மனிதர்கள் 'டுவர்ட்ஸ் ஒன் அனதர்' சகோதர உணர்வோடு நடந்துகொள்ள வேண்டும் என்கிறது. அந்த இடத்துக்கு அது பொருந்துகிறது.

எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தை, தமிழ் மாணவர்கள் உண்மையிலேயே தடுக்கி விழும் இடத்தில் செலவழிக்கலாம். மாலை வகுப்புகளில் பல ஆண்டுகளாக நான் திருத்தும் தவறு 'தே டாக்ட் ஈச் அதர்' என்பது. 'டு' எங்கே? அது ஏன் விடுபடுகிறது என்று யோசித்தால் காரணம் தமிழில் இருக்கிறது. ஒருவருக்கொருவர் என்ற சொல்லுக்குள்ளேயே 'கு' இருக்கிறது. ஈச் அதர் என்றால் ஒருவருக்கொருவர் என்று மனப்பாடம் செய்த மாணவர், 'கு'வும் அதற்குள் இருப்பதாக நினைத்துவிடுகிறார். நான் சொல்லிக்கொடுக்கும் வழி இதுதான்: ஈச் அதரை எடுத்துவிட்டு அங்கே 'ஹிம்' போட்டுப் பாருங்கள். 'டாக்ட் ஹிம்' என்று வராது, 'டாக்ட் டு ஹிம்' என்றுதான் வரும். ஆகவே 'டாக்ட் டு ஈச் அதர்'. 'ஹெல்ப்ட் ஹிம்' சரியாக வருகிறது. அங்கே ஈச் அதருக்கு முன்னால் எதுவும் வேண்டாம். 'லுக்ட் அட்', 'டிபெண்ட் ஆன்' எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை போதும்.

தெம்செல்வ்ஸ் என்பதோடு குழப்பிக்கொள்வது இன்னொன்று. ஒரு விபத்துக்குப் பிறகு இரண்டு ஓட்டுநர்கள் 'ப்ளேம்ட் தெம்செல்வ்ஸ்' என்றால், தன் மேல்தான் தவறு என்று ஒவ்வொருவரும் வருந்துகிறார்கள். 'ப்ளேம்ட் ஈச் அதர்' என்றால் நடுரோட்டில் சண்டை. ஆனால் 'அமங் தெம்செல்வ்ஸ்' என்றால் மட்டும் 'தங்களுக்குள்', அந்தப் பழைய பெத்வீனன் வழியேதான்.

ஈச் அதர் எழுவாயாக வராது. "அவர் என்ன நினைக்கிறார் என்று இவருக்கும், இவர் என்ன நினைக்கிறார் என்று அவருக்கும் தெரியும்" என்று சொல்ல வேண்டுமானால், பழையபடி பிரித்துவிடுங்கள்: 'ஈச் நோஸ் வாட் தி அதர் இஸ் திங்கிங்'. லிங்கன் 1865-இல் தன் இரண்டாவது பதவியேற்பு உரையில் உள்நாட்டுப் போரின் இரு தரப்பையும் பற்றிச் சொன்னபோது, இரு தரப்பும் ஒரே கடவுளைத்தான் வேண்டுகின்றன, 'ஈச்' அவருடைய உதவியை 'அகென்ஸ்ட் தி அதர்' கேட்கிறது என்றார். அந்த இடைவெளியில் போரே நிற்கிறது.

கடைசியாக ஒரு நுட்பம். தட்டுகள் 'ஆன் டாப் ஆஃப் ஈச் அதர்' அடுக்கியிருக்கின்றன என்று ஆங்கிலத்தில் சொல்லலாம். ஆனால் அடித்தட்டு எதன் மேலும் இல்லையே! பரஸ்பரம் என்பது எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று மொழியியலாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். 1998-இல் மேரி டால்ரிம்பிளும் இன்னும் நான்கு பேரும் எழுதிய கட்டுரை ஒன்று, அந்தச் சூழலில் எவ்வளவு வலுவான பொருள் சாத்தியமோ அதையே கேட்பவர் எடுத்துக்கொள்கிறார் என்று விளக்கியது. தமிழ் இந்தச் சிக்கலை வேறு வடிவம் கொண்டு தவிர்த்துவிடுகிறது. 'ஒன்றன்மேல் ஒன்றாக' அடுக்குகிறோம். அதில் பரஸ்பரம் என்ற பேச்சே இல்லை.

போட்டித் தேர்வு எழுதப் போகிறீர்கள் என்றால், விடைக்குறிப்பு அந்தப் பழைய விதிப்படி இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கட்டத்தில் மட்டும் அதன்படியே குறித்துவிட்டு வாருங்கள். மற்ற எல்லா இடத்திலும் காதுக்கு எது சரியாகப் படுகிறதோ அதை எழுதுங்கள். ஈச் அதரை மட்டும் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதிவிடாதீர்கள், இப்போது நிறையப் பேர் அப்படி எழுதுகிறார்கள். இலக்கணத்தில் என்றோ ஒட்டிவிட்டாலும் எழுத்தில் அவை இன்றும் இரண்டு சொற்கள்தான்.