எச்.ஐ.வி. கூட்டு மருந்து சாப்பிடுகிறவர்களின் இதயம்: சில கேள்விகள், என் பதில்கள்

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகராகப் பல வருடம் இருந்தவள் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, 2005லிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன். ஹார்ட்டுக்குக் கெடுதல் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. இதைத்தான் ஸ்மார்ட் என்ற பெரிய ஆய்வில் செய்து பார்த்தார்கள். சிடி4 (எதிர்ப்புச் சக்தி தரும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை) நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறைந்ததும் மறுபடி கொடுத்தார்கள், அப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களுக்குத்தான் மாரடைப்பு போன்ற சிக்கல்களும் சாவும் அதிகமாக வந்தன, 2006ல் அந்த முறையையே கைவிட்டார்கள். ரத்தத்தில் வைரஸ் பெருகினால் உடம்புக்குள் அழற்சி ஓயாது, அது ரத்தக்குழாயைக் கெடுக்கும்.

கேள்வி: எல்லா மாத்திரையும் ஒரே மாதிரியா?

பதில்: இல்லை. லோபினாவிர்-ரிட்டோனாவிர் கொழுப்பை நன்றாகவே ஏற்றும். அபாகாவிர் சாப்பிடுகிறவர்களுக்கு மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2008ல் டி.ஏ.டி. ஆய்வு சொன்னது. எல்லா ஆய்விலும் அப்படி வரவில்லை, ஆனாலும் இதய நோய் உள்ளவருக்கு அதை முடிந்தவரை தவிர்க்கிறார்கள். இப்போது பெரும்பாலானோர் சாப்பிடும் டோலுடெக்ராவிர் கொழுப்பை அவ்வளவாக ஏற்றாது, எடைதான் கூடும், இடுப்பளவைக் கவனியுங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் அட்டசானாவிர்-ரிட்டோனாவிர் சாப்பிடுகிறார், இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட்டும் வைத்திருக்கிறது. இப்போது பார்க்கும் ஹார்ட் டாக்டர் எங்கள் ஊர்க்காரர், அவரிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்லவில்லை.

பதில்: அம்மா, எனக்கு ரொம்பக் கவலை தருவது இதுதான். ரிட்டோனாவிர் மற்ற மருந்துகளைக் கல்லீரல் கரைக்க விடாமல் பிடித்து வைக்கும். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் அதோடு சேரவே கூடாது, தசை சிதைந்து சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போய் சிறுநீரகமே பழுதாகலாம். அட்டோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் என்றால் குறைந்த அளவில் கொடுப்பார்கள். ஸ்டென்ட் அடைக்காமலிருக்கத் தரும் டிகாக்ரெலார் எழுதியிருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. அப்புறம், வெறும் வயிற்றில் போடச் சொல்லும் அந்த அசிடிட்டி மாத்திரை பான்டோபிரசோல், அது அட்டசானாவிரை உடம்பில் சேரவிடாது, வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் அளவு, ஏறிவிடும். ஊர் டாக்டரிடம் சொல்லத் தயக்கம் என்றால் சரி, அவர் தந்த எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு நாளைக்கே ஏ.ஆர்.டி. டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் மாத்திரையை விட்டால் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: வயது 45. கொலஸ்ட்ரால் நார்மல். எனக்கும் ஸ்டேட்டின் (கொலஸ்ட்ரால் மாத்திரை) வேண்டுமா?

பதில்: கேட்டுப் பாருங்கள். 2023ல் வந்த ரிப்ரீவ் ஆய்வில் இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயதுக்குள் எச்.ஐ.வி. உள்ள 7,769 பேர். தினம் பிடாவாஸ்டாடின் என்ற ஸ்டேட்டின் 4 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. சர்க்கரை நோய் கொஞ்சம் கூடுதலாக வந்தது, அதனால் சுகரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: டோலுடெக்ராவிரோடு சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடலாம், ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். பீடி, சிகரெட் இருந்தால் அதை இந்த வாரமே விடுங்கள், மாத்திரையை மாற்றுவதைவிட அதில் பலன் அதிகம்.