11,000 குதிரை, ரெண்டே டயர்

கேள்வி (ஒரு வாசகர், கோவை): அமெரிக்காவுல ஓடுற டாப் ஃப்யூல் டிராக் ரேஸ் காருக்கு 11,000 ஹார்ஸ்பவர்னு சொல்றாங்க. மழையில என் பைக்க லேசா முறுக்கினாலே பின் வீல் வழுக்குது. அவ்வளவு பவர் ரெண்டே டயர்ல எப்படிங்க தரைக்கு இறங்குது?

பதில்: ரெண்டு கார் பக்கத்து பக்கத்து லேன்ல நேர்கோட்டுல பாயுறதுதான் டிராக் ரேஸ், அதுல ரொம்ப வேகமான பிரிவு டாப் ஃப்யூல். அந்த ரேஸோட உயிரே அங்கதாங்க இருக்கு. 8.2 லிட்டர் வி8 இன்ஜின், மேல காத்தை அழுத்தி உள்ள தள்ளுற சூப்பர்சார்ஜர், எரிபொருள்ல 90 சதவீதம் நைட்ரோமீத்தேன், பவர் வந்துடும். ஆனா மொத்தத்தையும் ஒரே அடியா வீலுக்கு விட்டா டயர் புகைஞ்சுடும், பக்கத்து லேன்காரர் போயிட்டே இருப்பார். அதனால கிளட்ச வேணும்னே வழுக்க விடுறாங்க. இந்த கார்ல கியர் மாத்துறதே கிடையாது, அடுக்கடுக்கா பிளேட் வச்ச கிளட்ச் ஒண்ணு டைமர் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா இறுகிட்டே போய் கடைசிலதான் முழுசா கவ்வும், அந்த உரசல்ல பிளேட் எல்லாம் வெந்துடும், ஓட்டம் முடிஞ்சதும் கழட்டிட்டு வேற போடணும். டயர் வழுக்குதான்னு பார்த்து தானா பவரை குறைக்கிற டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு இந்த ரேஸை நடத்துற என்.ஹெச்.ஆர்.ஏ. அமைப்போட விதியில தடை. தரை சூடு எவ்வளவு, பிடிப்பு எப்படின்னு பார்த்து, காரை தயார் பண்ற டீமோட தலைவர், அதாவது க்ரூ சீஃப், முன்னாடியே கணிச்சு செட் பண்ணிடணும். நாலு செகண்டுக்குள்ள முடியுற ஓட்டத்துக்கு எவ்வளவு பெரிய மூளை வேலை பாருங்க! எனக்கு டிரைவரை விட அவர் மேலதான் மரியாதை ஜாஸ்தி.

டயரும் லேசுப்பட்டது இல்ல. மூணு அடி உயரம், உள்ள காத்து 7 பிஎஸ்ஐ பக்கம்தான், கிளம்புறப்போ பக்கச்சுவர் துணி மாதிரி சுருங்கி தரையை அப்பிக்கும், வேகம் ஏற ஏற சுழற்சியில டயரே உயரமா வளரும், கியர் மாத்தின பலன் அதுலயே கொஞ்சம் கிடைச்சுடுது. பின்னாடி இருக்கிற பெரிய விங்கும், மேல் பக்கமா நெருப்பு கக்குற எக்ஸாஸ்ட் பைப்பும் காரை கீழ அமுக்கும். தரையிலயும் பசை மாதிரி ஒரு கெமிக்கல் அடிச்சிருப்பாங்க, நடந்தா ஷூவை பிடிச்சு இழுக்கும்.

கேள்வி (ஒரு வாசகி, ஈரோடு): ரேஸுக்கு முன்னாடியே டயரை சுத்தி புகை கிளப்புறாங்களே, வெறும் படம் காட்டவா?

பதில்: இல்லம்மா. தண்ணியில நனைச்சு சுத்துறப்போ ஒட்டின தூசி போயிடும், ரப்பர் சூடாகி பிசுபிசுன்னு ஆகும், தரையிலயும் புது ரப்பர் படியும். அப்புறம் காரை ரிவர்ஸ்ல கொண்டு வருவாங்க, க்ரூ ஆள் முன்னாடி நின்னு கை காட்டி காட்டி, டயர் இப்போ போட்ட அதே ரப்பர் கோட்டுலயே டிரைவரை வர வைப்பார், கிளம்புறப்போ டயர் அது மேலதான் ஏறணும்.