ராட்சத மத்தனுக்கு எந்த விதை?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வீட்டோடு சேர்ந்து 12 சென்ட் விளை (தோட்டம்) கிடக்கிறது. 'ராட்சத பூசணி, ஒரு காய் 300 கிலோ' என்று ஆன்லைனில் 10 விதை 450 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கி நட்டால் நம்ம ஊரில் அப்படிக் காய்க்குமா? இல்லையென்றால் எந்த விதை வாங்க வேண்டும்? ஓணத்துக்கு எங்கள் ஊர் வாசகசாலையில் காய்கறிக் கண்காட்சி வைப்பார்கள். அதில் பெரிய மத்தன் (பூசணி) ஒன்று வைக்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை."

அந்த விதையை வாங்காதீர்கள். நம் குமரி மாவட்டத்தில் பெரிய மத்தன் காய்க்க வைக்கும் விதை நம் சந்தையிலும் பக்கத்து விளைகளிலும்தான் கிடைக்கும். 300 கிலோவை மறந்துவிட்டு 15 முதல் 20 கிலோ வரை இலக்கு வையுங்கள். ஒழுங்காகப் பராமரித்தால் எட்டிவிடலாம். வாசகசாலை மேசையில் அந்த அளவு காயே எல்லாரையும் நிற்க வைக்கும்.

ராட்சதப் பூசணி என்பது பொய்யில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய 'அட்லாண்டிக் ஜெயன்ட்' ரகம் அது. 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலகப் போட்டியில் அவர் காய்தான் வென்றது. இன்று சாதனை படைக்கும் காய்களும் அந்த வம்சம்தான். 2025 அக்டோபரில் இங்கிலாந்தின் இரட்டைச் சகோதரர்கள் இயன், ஸ்டூவர்ட் பேட்டன் விளைவித்த காய் 1,278.8 கிலோ இருந்தது.

இந்தப் போட்டிக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒவ்வொரு விதைக்கும் அது வந்த காயின் எடை, வளர்த்தவர் பெயர், ஆண்டு மூன்றையும் சேர்த்துப் பெயர் வைப்பார்கள். தாய்க் கொடி எது, மகரந்தம் கொடுத்த கொடி எது என்றும் எழுதி வைப்பார்கள். விதை வாங்குபவர் அந்தக் குடும்ப வரலாற்றைப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறார். நீங்கள் பார்த்த விளம்பரத்தில் படம் மட்டும்தான் இருக்கும், தாயும் தகப்பனும் இருக்காது. வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். விதை இறக்குமதிக்கு அனுமதிச் சீட்டும் பயிர் சுகாதாரச் சான்றும் வேண்டும். அவை இல்லாமல் தபாலில் வரும் விதை சட்டப்படி செல்லாது, கூடவே நோயையும் கொண்டுவரலாம்.

சரி, அசல் விதையே கைக்கு வந்தால்? அப்போதும் நம் மண்ணில் அது திணறும். அந்த இனத்துக்கு 15, 16 மணி நேரம் நீளும் கோடைப் பகலும், குளிர்ந்த இரவும் வேண்டும். நமக்கு மிக நீண்ட பகலே பன்னிரண்டரை மணி நேரத்தைச் சற்றுத்தான் தாண்டும். பகலில் இலை சமைத்த சர்க்கரையை, வெக்கையான இரவில் செடி தன் மூச்சுக்கே செலவழித்துவிடும். காய்க்குப் போய்ச் சேருவது மிச்சம்தான். வெப்பம் கூடினால் ஆண் பூ பெருகிப் பெண் பூ குறையும் தொல்லையும் உண்டு. பெரிய காய்கள் உச்ச வளர்ச்சியில் ஒரே நாளில் 20 கிலோவுக்கு மேல் ஏறுவது அந்தத் தட்பவெப்பத்தில், தனிப் பராமரிப்பில் நடப்பது.

அட்லாண்டிக் ஜெயன்ட் 'குக்கர்பிட்டா மேக்சிமா' இனம். நம் வெக்கையையும் ஈரக்காற்றையும் தாங்கிக் காய்ப்பது பெரும்பாலும் 'குக்கர்பிட்டா மொஸ்சாட்டா'. இரண்டையும் காம்பிலேயே பிரித்துவிடலாம். நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்குப் போனால் காயைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் காம்பைப் பாருங்கள். ஐந்து முனையாகக் கட்டியாக இருந்து, காயோடு சேரும் இடத்தில் பாவாடை போல விரிந்திருந்தால் மொஸ்சாட்டா. உருண்டையாக, தக்கை போல மெத்தென்று இருந்தால் மேக்சிமா. கொடியில் பார்த்தால் மொஸ்சாட்டா இலையில் நரம்புகள் கூடும் இடங்களில் வெள்ளிப் புள்ளிகள் தெரியும். விதையின் ஓரம் தடித்து, நடுப்பகுதியைவிட நிறம் மாறியிருக்கும். உங்களுக்கு வேண்டியது இந்த விதை.

கடையில் பாக்கெட்டாக வாங்குவதென்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 கேளுங்கள். காய் 7, 8 கிலோ வரும், வயது 175 நாள். கோ 2 ஒன்றரை, இரண்டு கிலோதான். வீட்டுச் சமையலுக்கு அருமையான ரகம், உங்கள் காரியத்துக்கு உதவாது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சந்தனும் சிறிய காய்தான். கேரளத்து அம்பிலி நடுத்தரம். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் எது இருப்பில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள். பாக்கெட்டில் நீல அட்டை இருந்தால் சான்று பெற்ற விதை, இளம்பச்சை அட்டை என்றால் உற்பத்தியாளரே உறுதி சொல்லும் விதை. பூசணிக்கு முளைப்புத்திறன் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும். சோதனை நடந்த தேதியையும் பாருங்கள். வீரிய ஒட்டு ரக விதையை ஒரு முறை நடலாம். அதிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறை பல விதமாகப் பிரிந்துவிடும்.

ஆனால் எடைதான் குறி என்றால் நான் நாட்டு விதையைத்தான் சொல்வேன். அதில் ஒரு எச்சரிக்கை. சந்தையில் கிடக்கும் ஆகப் பெரிய காயை மட்டும் பார்த்து விதை எடுக்காதீர்கள். ஒரு காய் பெருத்ததற்கு விதை காரணமாக இருக்கலாம், எருக்குழி ஓரத்தில் கொடி ஓடியதும் காரணமாக இருக்கலாம். விற்பவர் விவசாயியாக இருந்தால் கேளுங்கள்: அந்தக் கொடியில் மற்றக் காய்களும் பெரிதா? பக்கத்துத் தடங்களிலும் (விதை ஊன்றும் குழிகளிலும்) இப்படித்தானா? ஒரே கொடியில் மூன்று காய் தலா 10 கிலோ என்றால், அது 16 கிலோ ஒற்றைக் காயைவிட நம்பத் தகுந்த தாய். கொடியில் தேமல் (இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு விழும் நோய்) இருந்ததா என்றும் கேட்டுவிடுங்கள். தேமல் நோய்களில் சில விதை வழியாகவும் தொடரும்.

காய் முற்றியிருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தோலில் பள்ளம் விழக்கூடாது. வாங்கியதும் வெட்டாமல் இரண்டு, மூன்று வாரம் திண்ணையில் வையுங்கள், உள்ளே விதை இன்னும் திரளும். பிறகு எடுத்துக் கழுவி, நிழலில் காய வைத்து, விரலால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பாருங்கள். சப்பென்று வளைவது பதர். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் முறை மத்தனுக்குச் சரிவராது, நல்ல விதையும் சில நேரம் மிதக்கும். சந்தேகம் இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். நம் சூட்டில் ஒரு வாரத்துக்குள் முளை தெரிந்துவிடும்.

இந்த விதைக்குத் தகப்பன் யாரென்று தெரியாது, அதுதான் இதன் குறை. தேனீ எந்த விளையிலிருந்தும் மகரந்தம் கொண்டு வந்திருக்கலாம். ஆகவே முதல் ஆண்டில் ஒரே விதையை நம்பாமல் ஆறு தடம் எடுத்து, தடத்துக்கு மூன்று விதை ஊன்றி, வலுவான நாற்றை மட்டும் விட்டுவிடுங்கள். தடத்துக்குத் தடம் ஆறடிக்கு மேல் இடைவெளி வேண்டும். பூக்கும்போது அடுத்த ஆண்டுக்கான விதையை நீங்களே உண்டாக்கலாம். மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டும் பெண் மொட்டும் மஞ்சள் ஏறி நிற்கும். மாலையிலேயே இரண்டின் வாயையும் நூலால் கட்டுங்கள். காலையில் வெயில் ஏறும் முன் ஆண் பூவைப் பறித்து இதழைக் கிள்ளி, பெண் பூவின் நடுவில் தடவி, பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள். காம்பில் ஒரு துணி அடையாளம், நோட்டில் எந்தத் தடம், எந்தத் தகப்பன், எத்தனை கிலோ. இதை மகளிடம் கொடுங்கள். பக்கத்தில் தடியங்காய் (நீர்ப்பூசணி) படர்ந்தால் கவலை வேண்டாம், மத்தனோடு அது கலக்காது.

கண்காட்சிக் காய்க்கு, பிஞ்சுகள் கை முட்டி அளவு வந்ததும் கொடிக்கு ஒன்றை மட்டும் விட்டு மற்றதைச் சமைத்துவிடுங்கள். பழ ஈ குத்தாமல் அந்தப் பிஞ்சைப் பழைய வேட்டித் துணியால் தளர்வாக மூடி, காய் பெருக்கப் பெருக்கத் துணியைத் தளர்த்துங்கள்.

இனி ஓணம். ஆவணியில் பறிக்கும்படி கணக்குப் போட்டு நட்டால் ஆனி, ஆடி மழையில் பூ உதிரும், காய் அழுகும். வடகிழக்கு மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியில் விதை ஊன்றுங்கள். கும்பப்பூ நெல் வயல் கையில் இருந்தால் அறுப்பு முடிந்ததும் அங்கேயும் போடலாம். விளையில் போட்டது வைகாசிக் கடைசி, ஆனித் தொடக்கத்தில் முற்றிவிடும். நான்கு விரல் நீளக் காம்போடு வெட்டி, தரையில் படாமல் பலகை மேல் காற்றோட்டமாக வையுங்கள். முற்றிய மத்தன் இரண்டு, மூன்று மாதம் தாங்கும். எடை கொஞ்சம் குறையும் என்பதால் பறித்த அன்றே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். கண்காட்சி முடிந்து எரிசேரிக் கறிக்கு வெட்டும்போது விதையை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள்.