பேச்சு விட்டுப்போன அண்ணன் தம்பிகள் ஒன்றாகப் பயணம் போகிற, சிரிக்கவும் வைக்கிற படம் ஏதாவது உண்டா?

'தி டார்ஜீலிங் லிமிடெட்' பாருங்கள். வெஸ் ஆண்டர்சன் இயக்கி 2007-இல் வந்தது, மொத்தமே ஒன்றரை மணி நேரம்தான். அப்பா இறந்து ஒரு வருடமாக ஒருவரோடொருவர் பேசாத மூன்று அமெரிக்கச் சகோதரர்கள் ராஜஸ்தானில் ஒரு ரயிலில் ஏறுகிறார்கள். மூத்தவன் பிரான்சிஸ் தலை முழுக்கக் கட்டோடு வருகிறான். அடுத்தவன் பீட்டர், கடைசி ஜாக்.

பீட்டர் அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே திரிகிறான். பவர் ஒத்துவரவில்லை, தலை வலிக்கிறது, ஆனாலும் கழற்ற மாட்டான். அப்பாவின் ரேசரும் அவனிடம்தான் இருக்கிறது. அதெல்லாம் அவனுக்கு மட்டும் எப்படிப் போனது என்று மூத்தவனுக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் குமரி மாவட்டத்தில் அடியந்திரம் (இறந்தவருக்குச் செய்யும் சடங்கு) முடிந்த வீட்டில் இரண்டு நாள் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். ரப்பர் விளையை அளந்து பிரித்தபோது எங்கள் வீட்டில் ஒரு சத்தமும் வரவில்லை. அப்பா கட்டியிருந்த எச்எம்டி வாட்ச் யாருக்கு என்பதில்தான் அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டார்கள். அப்புறம் எல்லாமே என் வழியாகத்தான். "அவன்கிட்ட சொல்லிரு", "அண்ணன்கிட்ட நீயே கேளு." படத்திலும் அப்படித்தான். மனைவி கர்ப்பமாக இருப்பதை பீட்டர் ஜாக்கிடம் மட்டும் சொல்கிறான். மூத்தவன் காதுக்கு அது போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை.

பிரான்சிஸ் ஒவ்வொரு நாளுக்கும் திட்டம் அச்சடித்து, லேமினேஷன் போட்டுக் கொடுக்கிறான். தம்பிகளுக்கு என்ன சாப்பாடு என்பதையும் அவனே சொல்லிவிடுகிறான். அவர்களுடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்கிறான். முதலில் எரிச்சல்தான் வரும். இமயமலைப் பக்கம் கன்னியாஸ்திரியாக இருக்கிற அம்மாவும் காலைச் சாப்பாட்டை அதே மாதிரி எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அவன் யார் பிள்ளை என்று தெரிகிறது.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நாங்கள் மூன்று பேரும் மதுரை போனபோது, லாட்ஜில் காட்டிய ஆதார் அட்டைகளை அண்ணன் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். தம்பி முகம் சுருங்கியது. ராத்திரி சொட்டு மருந்துக்கு நேரம் பார்த்து இரண்டு பேரும் மாறி மாறி விழித்திருந்தார்கள். "ஊத்தியாச்சா?" "ஆச்சு, நீ படு." நான் நடுவில் இல்லாமல் அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. வாட்சைப் பற்றி இன்றுவரை யாரும் பேசவில்லை. படத்தின் முடிவில் பிரான்சிஸ் பாஸ்போர்ட்டைத் திருப்பி நீட்டும்போது, உன்னிடமே இருக்கட்டும் என்று தம்பிகள் சொல்கிறார்கள். அந்த இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஆற்றில் விழுந்த மூன்று சிறுவர்களைக் காப்பாற்ற இவர்கள் குதிக்கிறார்கள். பீட்டர் பிடித்த பையன் பிழைக்கவில்லை. அந்தப் பையனின் அப்பாவாக இர்ஃபான் கான். அப்படி ஒரு நடிகருக்கு வசனமே கிட்டத்தட்ட இல்லை. துக்க வீட்டிலிருந்து படம் சட்டென்று இந்தச் சகோதரர்களின் அப்பா அடக்கம் நடந்த நாளுக்குப் போய்விடுகிறது. பிள்ளையை இழந்தவரின் துக்கம் வந்தவர்களின் துக்கத்துக்கு வழிவிட்டு ஒதுங்கிவிடுகிறது. ஆறும் குளமும் நிறைந்த ஊரில் வளர்ந்தவள் நான், தண்ணீரில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இந்த இடத்தை என்னால் லேசாகக் கடக்க முடியவில்லை.

அதையும் மீறித்தான் இந்தப் படத்தைச் சொல்கிறேன். சிரிப்புக்குப் பஞ்சமில்லை. பீட்டர் வாங்கி வரும் பாம்பு பெட்டியிலிருந்து தப்பித்துப் போகிற ரகளை போதும். சத்யஜித் ராய் தன் படங்களுக்குப் போட்ட இசையும் அங்கங்கே வருகிறது. ஜாக்கின் முன்கதையாக 'ஹோட்டல் ஷெவாலியே' என்று ஒரு குறும்படம் உண்டு, அதை முதலில் பார்த்துவிடுங்கள். அது பெரியவர்களுக்கானது, அதனால் குழந்தைகள் தூங்கிய பிறகு போடுங்கள்.