கார்ப்பரேட் பேரன்டிங் பேனலில் ஒரு புதுக் கவுன்சிலருக்கு என்ன வேலை?

லண்டனில் முதன்முறையாகக் கவுன்சிலர் ஆகியிருக்கிறேன், கட்சி என்னைக் கார்ப்பரேட் பேரன்டிங் பேனலில் (கவுன்சில் தன் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் போல நடந்துகொள்கிறதா என்று பார்க்கும் குழு) போட்டுவிட்டது, அங்கே போய் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். திட்டமிடல் குழுவைத்தான் கேட்டிருப்பீர்கள், அது பழைய ஆட்களுக்குப் போயிருக்கும். எனக்கும் அப்படித்தான் நடந்தது. நான்கு வருடம் அந்த பேனலில் இருந்தேன். அதில் முதல் இரண்டு வருடம் கதிரையைச் சூடாக்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி நீதிமன்றம் ஒரு பிள்ளையைப் பராமரிப்பில் வைக்க உத்தரவிட்டால், பெற்றோருக்குள்ள பொறுப்பு கவுன்சிலுக்கும் வந்துவிடும். 1998இல் சுகாதார அமைச்சராக இருந்த பிராங்க் டாப்சன் கவுன்சிலர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதி இதை நினைவூட்டினார். கவுன்சில் பெற்றோராக எப்படி நடக்கவேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சிறுவர், சமூகப் பணிச் சட்டத்தில் ஏழு கோட்பாடுகள் இருக்கின்றன. ஆறாவதை மட்டும் வடிவாக வாசியுங்கள். பிள்ளையின் பாதுகாப்பும், வீடு, உறவு, படிப்பு ஆகியவற்றில் நிலையான வாழ்க்கையும் என்று வரும். நான் சொல்லவருவது அதைப் பற்றித்தான்.

எங்கள் பேனல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும். ஒரு கிழமைக்கு முன்னால் தடிப்பான ரிப்போர்ட் ஒன்று வரும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டங்கள். ஒவ்வொரு பிள்ளையின் திட்டத்தையும் பார்க்கும் ரீவியூ கூட்டங்கள் நேரத்துக்கு நடந்தனவா (முதலாவது 20 வேலைநாளுக்குள், அடுத்தது மூன்று மாதத்துக்குள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று)? பச்சை. பல் டாக்டரிடம் போனார்களா? பச்சை. ஒரே வருடத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் வைக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை வீதம்? அதுவும் பச்சை. தலைவர் அதிகாரிகளுக்கு நன்றி சொல்வார், நாங்கள் தலையாட்டுவோம், பார்க்கிங் நேரம் முடிவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவோம்.

மூன்றாம் வருடம் ஒரு மீட்டிங்குக்கு, கவுன்சிலின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் பெடியன், பதினைந்து பதினாறு வயது இருக்கும். (அவனை அடையாளம் காட்டும் எதையும் எழுதமாட்டேன், கேட்கவும் வேண்டாம்.) அந்தக் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்து, "இதில நான் இருக்கிறேனா?" என்று கேட்டான். எத்தனை இடம் மாறினாய் என்று அதிகாரி கேட்டார். ஆறு கிழமைக்குள் மூன்று வீடு என்றான். மார்ச் கடைசியில் ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு, ஈஸ்டர் முடிந்த கையோடு மூன்றாவதுக்கு. அந்த அதிகாரி நல்ல மனுஷி, மழுப்பவில்லை. "கணக்கு வருடம் மார்ச் 31இல் முடிகிறது. அந்த வருடத்தில் உனக்கு இரண்டு வீடு, இந்த வருடத்திலும் இரண்டு வீடு. அதனால் நீ இதில் வரமாட்டாய்" என்றார். பெடியன் சரி என்று சொல்லிவிட்டு பீட்சாவை எடுத்துச் சாப்பிட்டான்.

நான் இருபத்திரண்டு வருடம் கடை நடத்தியவன். வருடக் கணக்கை மூடுகிற கிழமையில் வந்த சரக்கு எந்தப் பக்கம் விழும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஒரு பிள்ளையும் அப்படி இரண்டு பேரேட்டுக்கு நடுவில் விழலாம் என்று மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.

அடுத்த மீட்டிங்கில் கேட்டேன்: மார்ச்சை விடுங்கள், இன்றிலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு மாதத்தை எண்ணித் தாருங்கள். சாப்ட்வேர் அப்படி எடுத்துத் தராதாம். எட்டு மாதம் இழுத்து, கடைசியில் ஒரு இளம் ஊழியர் எக்ஸெல்லில் கையால் எண்ணிக் கொடுத்தார். பச்சை மஞ்சளானது. ஒரு பிள்ளையை இரண்டாம் முறை மாற்றுவதற்கு முன் மேலதிகாரி கையெழுத்து வேண்டும் என்று ஒரு நடைமுறையும் வந்தது. அவ்வளவுதான். பிள்ளைகளை வீட்டில் ஏற்று வளர்க்க ஆட்கள் போதாது என்ற மூலப் பிரச்சினை அப்படியே இருந்தது.

தனிப்பட்ட பிள்ளையின் விஷயத்தில் கவுன்சிலர் தலையிடக்கூடாதே என்று கீழே யாராவது எழுதுவீர்கள். தெரியும் ஐயா. நான் அவனுடைய கோப்பைக் கேட்கவில்லை, அவனுடைய சோஷியல் வொர்க்கருக்குப் போன் எடுக்கவும் இல்லை. அவனுடைய திட்டத்தைப் பார்க்க சுயாதீன ரீவியூ அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். நான் கேட்டது எண்ணுகிற முறையைப் பற்றி. அதிகாரிகளைத் திட்டுகிறேன் என்றும் எடுக்கவேண்டாம், அந்த வரையறை அரசாங்கம் கேட்கிற வரையறைதான்.

ஆட்கள் போதாது என்றேன் அல்லவா, அதில் இன்னொரு கதை. எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் திருவிழா நேரம் ஒரு மேசை போட்டு, பிள்ளைகளை ஏற்று வளர்ப்பது பற்றித் துண்டுப்பிரசுரம் கொடுக்கக் கேட்டேன். "சோஷியல் சர்வீஸ் எண்டாலே சனம் பயப்படும், நல்ல நாளில வேண்டாம் அண்ணை" என்றார்கள். இலங்கையிலிருந்து தனியாக வந்து இறங்கிய எங்கள் பெடியன்களும் இதே கவுன்சில் பராமரிப்பில் இருந்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சோறு போட ஒரு தமிழ் வீடு கிடைப்பது அவ்வளவு கஷ்டம். அதே நிர்வாகம், நான் கவுன்சிலராக இருந்தவரை ஒவ்வொரு தேருக்கும் எனக்குப் பொன்னாடை போர்த்தியது. தேர்தலில் தோற்ற வருடம் செருப்பு வைக்கிற இடத்தில் நின்று சாமி பார்த்தேன். சரி, அது வேறு.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கணக்கில் வராத பிள்ளைகள் யார் என்று கேளுங்கள். சொந்த இடத்திலிருந்து 20 மைலுக்கு அப்பால் வைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களைக் கடைசியாக யார் எப்போது போய்ப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். சிறுவர் இல்லங்களுக்கு மாதம் ஒருமுறை ஒரு சுயாதீன ஆள் போய் அறிக்கை எழுதவேண்டும் என்பது சட்டம். கவுன்சில் தானே இல்லம் நடத்தினால் அந்த அறிக்கையை பேனலுக்குக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், மீட்டிங் நேரத்தைப் பாருங்கள். எங்களுடையது ஆரம்பத்தில் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு நடந்தது. பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று ஆராய அதே செவ்வாய் காலை 10 மணிக்கு ஒரு தனி அமர்வும் வைத்தோம்.